மெம்பிஸும் அதன் அண்டைச் சீமைகளும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலே, மிசிசிப்பி மகாநதியின் கிழக்குக் கரையில், வெள்ளத்துக்கு எட்டாத ஒரு மேட்டின் மீது அமைந்திருக்கும் மெம்பிஸ் என்னும் பெருநகரத்தைப் பூகோளப் படத்தில் தேடுகிறவர், டென்னசி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், இன்னும் சற்று நகர்ந்தால் மாநிலத்தை விட்டே விழுந்துவிடும் என்று சொல்லத்தக்க ஓர் ஓரத்தில் அது ஒதுங்கிக் கிடப்பதைக் காண்பார். நகரத்தின் தெற்கெல்லையே மிசிசிப்பி மாநிலத்தின் வடக்கெல்லை. நதியைக் கடந்து பாலத்தின் மறுமுனையில் இறங்கினால் அது ஆர்கன்சா மாநிலம். இந்நகரத்துக்குச் சட்டம் இயற்றும் சபையோ சுமார் 200 மைலுக்கு அப்பால் நாஷ்வில் நகரத்தில் கூடுகிறது. நிர்வாகத்தால் டென்னசிக்கு உரியதாயினும், சங்கீதத்தாலும் பக்தியாலும் உணவாலும் அரசியலாலும் மெம்பிஸ் அவ்விரண்டு அயல் மாநிலங்களின் கிராமப்புறங்களுக்கே உரியது என்பதும், அந்தக் கிராமங்கள் அனுப்பிய பருத்தியை அது எவ்வாறு தரம் பிரித்து, விலை கட்டி, வெளியுலகுக்கு அனுப்பி வைத்ததோ அவ்வாறே அக்கிராமத்து ஜனங்கள் கொண்டுவந்த குரல்களையும் செய்தது என்பதும் இக்கட்டுரையில் நான் காட்ட முயலும் விஷயங்கள்.

டெல்டா என்றதும் காவிரிப் படுகையை நினைக்கும் நமக்கு இங்கே ஒரு விளக்கம் அவசியம். மெம்பிஸ்வாசிகள் டெல்டா என்று குறிப்பிடுவது நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை அன்று. மிசிசிப்பி நதிக்கும் யாஸூ நதிக்கும் இடையே, மெம்பிஸுக்குத் தெற்கே தொடங்கி விக்ஸ்பர்க் வரையில் சுமார் 200 மைல் நீளத்துக்குக் கிடக்கும் வண்டல் சமவெளியையே அவர்கள் அப்பெயரால் அழைக்கிறார்கள். உள்நாட்டு யுத்தத்துக்கு முன்பு பெரும்பாலும் காடும் சதுப்புமாக இருந்த அந்தப் பூமி, யுத்தத்துக்குப் பின் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் வெட்டித் திருத்தப்பட்டுப் பருத்திக் காடாயிற்று. வெட்டியவர்களும் திருத்தியவர்களும் பயிரிட்டவர்களும் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்டிருந்த கறுப்பின மக்களே. அவர்களுக்குக் கிடைத்தது வாரச் சாகுபடி. நிலம் பண்ணைக்காரருடையது, விதையும் கோவேறு கழுதையும் அவருடையவை, மாவும் உப்புக்கண்டமும் அவருடைய பண்ணைக் கடையிலேயே கடனாக வாங்கவேண்டும், விளைச்சல் முடிந்து கணக்குத் தீர்க்கும் நாளில் கணக்குப் புஸ்தகமும் அவர் கையிலேயே இருக்கும். வருஷம் முழுவதும் உழைத்தவன் அன்றைக்குக் கடன்காரனாகவே வீடு திரும்புவது அதிசயம் அன்று. ஆனால் அந்தப் பண்ணைக்காரருக்கும் ஒரு கடன்காரர் உண்டு. அவர் மெம்பிஸ் நகரத்து ஃபிரண்ட் வீதியில் கடை விரித்திருந்த கமிஷன் மண்டிக்காரர்.

நதிக்கு இணையாக ஓடும் அந்த வீதியின் இருமருங்கிலும் பருத்திக் கம்பெனிகளே நிறைந்திருந்தன. 1870-களின் தொடக்கத்தில் அங்கே ஏற்பட்ட பருத்திச் சந்தைச் சங்கம், நாளடைவில் கைமேல் சரக்கை விற்கும் பருத்திச் சந்தைகளில் உலகத்திலேயே பெரியதாக மெம்பிஸ் பேரெடுப்பதற்கு ஆதாரமாயிற்று. தரம் பார்க்கும் அறை மேல்மாடியில் இருக்கும். நேர் வெயில் விழாமல் வடக்கு வெளிச்சம் மட்டும் சீராக இறங்கும்படி கூரையில் கண்ணாடி பதித்திருப்பார்கள். பொதியின் பக்கங்களைக் கீறி எடுத்த மாதிரிப் பஞ்சைத் தாளில் சுருட்டிக் கொண்டுவந்து நீண்ட மேஜைமேல் விரித்தவுடன், தரம் பார்ப்பவர் அதிலிருந்து ஒரு சிட்டிகையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து இழுத்து, இழுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மறுபடியும் இழுத்து, இழையின் நீளத்தைக் கையாலும், நிறத்தையும் இலைத்தூசையும் கண்ணாலும் நிர்ணயித்து ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுவார். அந்த ஒரு சொல்லில் 100 மைலுக்கு அப்பால் ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்து உழைப்பு அடங்கியிருந்தது. தீர்ப்புச் சொன்ன கை வெள்ளையருடையது. சுருளைத் தோளில் சுமந்து மாடியேறிய கை கறுப்பருடையது. தானாக ஒரு பொதியையும் விளைவிக்காத நகரம், விளைந்தவற்றின் தராதரத்தைச் சொல்லும் அதிகாரத்தினாலேயே செல்வத்தை அடைந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் சங்கீதத்தின் சரித்திரத்தைப் பேசுமிடத்து இது பயன்படும். 

நகரத்தின் ஜனத்தொகை அடியோடு மாறியதற்கு ஒரு கொள்ளைநோய் காரணமாயிற்று. 1878-ஆம் வருஷத்துக் கோடைகாலத்தில் பரவிய மஞ்சள் காய்ச்சலைக் கண்டு அஞ்சி, இரண்டொரு வாரங்களுக்குள் சுமார் 25,000 பேர் ஊரைவிட்டு ஓடினார்கள். எஞ்சியவர்களில் 5,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். நகரம் திவாலாகி, மறுவருஷம் தன் நகரசபை அந்தஸ்தையே இழந்து, 1893 வரையில் வெறும் வரிவசூல் வட்டாரமாக இருந்தது. வசதியுள்ள ஜெர்மானியக் குடும்பங்களுள் பல திரும்பி வரவேயில்லை. ஊரில் தங்கியிருந்த ஐரிஷ் தொழிலாளிகளுள் பெரும்பாலோர் மண்ணுக்கு இரையாயினர். இவ்வாறு காலியான இடங்களில் வந்து குடியேறியவர்கள் மிசிசிப்பி, ஆர்கன்சா, மேற்கு டென்னசி ஆகிய பிரதேசங்களின் கிராமவாசிகள். கடல் கடந்து வந்தவர்களின் நகரமாக உருவாகிக்கொண்டிருந்த ஒன்று, கால் நூற்றாண்டுக்குள் நாட்டுப்புறத்தாரின் நகரமாகிவிட்டது. நிலம் அடிமாட்டு விலைக்குப் போன அந்த நாட்களில் துணிந்து வாங்கிப் போட்டவர்களுள் ஒருவர் ராபர்ட் சர்ச் என்னும், அடிமையாகப் பிறந்த செல்வர். நகரத்தின் கடனை அடைக்கப் பத்திரங்கள் வெளியிட்டபோது முதல் 1,000 டாலர் பத்திரத்தை வாங்கியவரும், கறுப்பின மக்கள் பொதுப் பூங்காக்களில் நுழையமுடியாதிருந்த காலத்தில் 1899-ல் பீல் வீதியில் அவர்களுக்கென்று ஒரு பூங்காவும் பெருமண்டபமும் கட்டியவரும் அவரே.

கிராமங்கள் நகரத்துக்கு அனுப்பியவை நல்லவையும் கெட்டவையும் கலந்த சரக்கு. எல்லைக்கு அப்பால் 45 மைல் தொலைவிலுள்ள ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் ஒரு சிற்றூரை மட்டும் உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 1862-ல் அங்கே அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த ஐடா வெல்ஸ் அம்மையார், மெம்பிஸுக்கு வந்து உபாத்தியாயினியாகவும் பின்பு பத்திரிகாசிரியராகவும் விளங்கி, 1892-ஆம் வருஷம் மூன்று கறுப்பின மளிகைக் கடைக்காரர்களை வெள்ளைக் கும்பல் ஒன்று சிறையிலிருந்து இழுத்துச் சென்று கொன்ற கொடுமையைத் தம் பேனாவினால் உலகறியச் செய்தார்; அதற்குப் பிரதியாக அவர் வெளியூர் சென்றிருந்த சமயத்தில் அவருடைய பத்திரிகாலயம் தகர்க்கப்பட்டது; பின் அவர் மெம்பிஸுக்குக் குடிதிரும்பவில்லை. அதே ஹாலி ஸ்பிரிங்ஸில் 1874-ல் பிறந்த எட்வர்ட் கிரம்ப் என்னும் வெள்ளையர், 1909-ல் நகராதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பதவியில் இருந்தபோதும் இல்லாதபோதும் 1954-ல் சாகும்வரையில் நகர அரசியலைத் தம் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். கறுப்பின மக்களை வோட்டுப் போட அனுமதித்து, அந்த வோட்டுகளைத் தம் கணக்கில் திரட்டிக்கொண்டு, பதிலுக்குச் சில பூங்காக்களையும் பள்ளிக்கூடங்களையும் வழங்கி, எதிர்த்துப் பேசியவர்களை ஊரைவிட்டு ஓட்டிய அவருடைய ஆட்சி முறையில் பண்ணைக்காரரின் மனோபாவம் அப்படியே நகரசபைக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது என்றே நான் கருதுகிறேன். ஒரே சிற்றூர் நகரத்துக்கு அதன் அதிகாரத்தையும் அவ்வதிகாரத்தைத் தாங்கி நின்ற அநீதிக்கு எதிரான மனச்சாட்சியையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறது.

இனிச் சங்கீதம். ப்ளூஸ் என்னும் பாட்டு வகையின் ஜனன ஸ்தலம் மெம்பிஸ் நகரத்துப் பீல் வீதி என்று விளம்பரப் பலகைகள் கூறும். அது மிகையான கூற்று. அங்கே நடந்தது ஜனனம் அன்று, பதிவு. அலபாமா மாநிலத்து ஃபிளாரன்ஸ் நகரத்தில் 1873-ல் பிறந்து, முறையாக ஸ்வரக்குறிப்பு எழுதக் கற்றிருந்த டபிள்யூ. சி. ஹாண்டி என்னும் வாத்தியக் குழுத் தலைவர், 1903-ஆம் வருஷத்தை ஒட்டி டெல்டாவின் நடுவேயுள்ள கிளார்க்ஸ்டேலில் வசித்தபோது, டட்வைலர் என்ற சிறு ரயில்நிலையத்தில் நெடுநேரம் தாமதித்த வண்டிக்காகக் காத்திருக்கையில், கிழிந்த உடையோடு ஒரு கறுப்பு மனிதர் கித்தாரின் தந்திகள்மேல் கத்தியை அழுத்தி இழுத்து வாசித்துக்கொண்டு பாடியதைக் கேட்டதாகத் தம் சுயசரிதத்தில் எழுதுகிறார். அந்தப் பாட்டுக்காரரின் பெயர் சரித்திரத்தில் இல்லை. சில வருஷங்களுக்குப் பின் ஹாண்டி மெம்பிஸுக்கு வந்து, கிரம்ப்பின் தேர்தலை ஒட்டி அமைத்த ஒரு மெட்டை 1912-ல் "மெம்பிஸ் ப்ளூஸ்" என்ற பெயரில் அச்சிட்டு வெளியிட்டார். வயலில் பிறந்த பாட்டுக்கு நகரத்தின் பெயர் சூட்டப்பட்டது. அதன் உரிமையும் சொற்பத் தொகைக்குக் கைமாறிற்று. பஞ்சுக்கு நேர்ந்த கதி பாட்டுக்கும் நேர்ந்ததற்கு இது முதல் சான்று.

நதியின் மேற்குக் கரையைப் பற்றி மெம்பிஸ் சரித்திரக்காரர்கள் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் குறை. 1941-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஆர்கன்சாவின் ஹெலினா நகரத்து வானொலி நிலையம், ஒரு மாவுக் கம்பெனியின் விளம்பரத்துக்காக நண்பகல் நேரத்தில் 15 நிமிஷ ப்ளூஸ் நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. வயலில் வேலை செய்பவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு நிழலில் ஒதுங்கும் வேளை அது. ஸானி பாய் வில்லியம்சன் ஊதுவாத்தியம் வாசிக்க, ராபர்ட் லாக்வுட் கித்தார் வாசிக்க, தங்களைப்போன்ற ஒருவரின் குரல் பெட்டிக்குள்ளிருந்து வரக்கூடும் என்பதை டெல்டாவின் இருகரை ஜனங்களும் முதல்முதலாக அறிந்தார்கள். மெம்பிஸ் பாலத்தின் மறுமுனையிலுள்ள வெஸ்ட் மெம்பிஸ் என்ற ஆர்கன்சா ஊரிலோ, கிரம்ப்பின் போலீஸ் கெடுபிடிக்கு எட்டாத சூதாட்ட விடுதிகளும் மதுக்கடைகளும் விடியும்வரை நடந்தன. அங்கே 1948-ல் குடியேறி, உள்ளூர் வானொலியில் விவசாயச் சாமான் விளம்பரங்களுக்கு நடுவே தம் கரகரத்த பெருங்குரலால் பாடிக்கொண்டிருந்தவர், ஹௌலிங் உல்ஃப் என்று பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற மிசிசிப்பி விவசாயி. அக்கரையின் ஒழுங்கின்மை இக்கரையின் சங்கீதத்துக்கு எவ்வளவு உதவிற்று என்பதை ஒழுக்கவாதிகள் ஒப்புக்கொள்ளத் தயங்கலாம், உண்மை அதுவே.

மிசிசிப்பி மாநிலத்து இண்டியானோலாவில் பண்ணை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ரைலி கிங் என்ற இளைஞர் 1948-ல் இரண்டாம் தடவையாக மெம்பிஸுக்கு வந்தபோது, முதலில் போய் நின்ற இடமும் வெஸ்ட் மெம்பிஸில் ஸானி பாய் வில்லியம்சனின் ஒலிபரப்பு அறைதான். அங்கே ஒரு பாட்டுப் பாட வாய்ப்புக் கேட்டுப் பெற்ற பிறகே நதியைக் கடந்து டபிள்யூ.டி.ஐ.ஏ. என்னும் மெம்பிஸ் வானொலியின் கதவைத் தட்டினார். அந்நிலையத்தின் முதலாளிகள் இருவரும் வெள்ளையர். வியாபாரம் படுத்துக் கிடந்ததால், 1948 அக்டோபரில் நாட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினச் சரித்திர ஆசிரியரைப் பேச வைத்துப் பரீட்சை பார்த்து, அது பலித்ததும் நிகழ்ச்சிகள் முழுவதையும் கறுப்பின நேயர்களுக்கே ஆக்கிவிட்டார்கள். பெப்டிகான் என்ற டானிக்கின் விளம்பரப் பாட்டைப் பாடுவதே ரைலி கிங்குக்கு அங்கே கிடைத்த முதல் உத்தியோகம். பீல் வீதிப் ப்ளூஸ் பையன் என்ற பட்டப்பெயர் சுருங்கி பி. பி. கிங் ஆயிற்று. அந்த வானொலி நிலையம் 1954-ல் 50,000 வாட் சக்தியை அடைந்த பின்பு, டெல்டாவிலிருந்து புறப்பட்டு நகரத்துக்கு வந்த குரல்கள் பன்மடங்கு உரத்து டெல்டாவுக்கே திரும்பிச் சென்றன. அவற்றைக் கேட்டு அடுத்த வண்டி ஏறியவர்கள் எத்தனை பேரோ!

அதே காலத்தில் யூனியன் அவென்யூ 706-ஆம் எண்ணில், 1950 ஜனவரியில், ஒரு சிறிய ஒலிப்பதிவு அறையைத் திறந்தவர் ஸாம் ஃபிலிப்ஸ். அவரும் ஹாண்டியைப்போலவே அலபாமாவின் ஃபிளாரன்ஸ் பக்கத்தவர் என்பது தற்செயலாயினும் ரஸமானது. 1951 மார்ச்சில் கிளார்க்ஸ்டேலிலிருந்து ஐக் டர்னரின் குழுவினர் 61-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே காரில் வந்தபோது, வழியில் ஒலிபெருக்கி அடிபட்டுப் பழுதாயிற்று. அதற்குள் காகிதத்தைத் திணித்துச் சமாளித்ததில் எழுந்த கரகரப்பான நாதத்தோடேயே "ராக்கெட் 88" என்ற பாட்டு பதிவாகி, சிக்காகோக் கம்பெனி ஒன்றின் முத்திரையோடு வெளிவந்து நாடெங்கும் பிரபலமாயிற்று. சரக்கு டெல்டாவினுடையது, தரநிர்ணயம் மெம்பிஸினுடையது, இலாபம் வடக்கினுடையது. பருத்தியின் பாதையும் ஏறத்தாழ இதுவே.

மிசிசிப்பியின் டூப்பலோவில் 1935-ல் பிறந்து, 13 வயதில் ஏழைப் பெற்றோருடன் மெம்பிஸுக்கு வந்து, ஏழைகளுக்கான அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்த எல்விஸ் பிரெஸ்லியைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆதலால் அவருடைய முதல் இசைத்தட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1954 ஜூலையில் வெளிவந்த அந்தத் தட்டின் ஒரு பக்கம் மிசிசிப்பிக் கறுப்பினக் கலைஞர் ஆர்தர் கிருடப்பின் ப்ளூஸ் பாட்டு. மறுபக்கம் கெண்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோவின் மலைநாட்டுப் பாட்டு. தெற்கிலிருந்து ஒன்று, வடகிழக்கிலிருந்து ஒன்று. இரண்டையும் அவற்றுக்கு உரிய முறையில் பாடாமல், ஒன்றின் குணத்தை மற்றொன்றில் ஏற்றிப் பாடினார் அந்த 19 வயது லாரி டிரைவர். அதே அறைக்கு ஆர்கன்சாவின் டைஸ் என்ற அரசாங்கக் குடியேற்றக் கிராமத்தில் பருத்தி பறித்து வளர்ந்த ஜானி காஷும், லூயிஸியானாவிலிருந்து ஜெர்ரி லீ லூயிஸும், மேற்கு டென்னசியின் வாரக்குடி மகனான கார்ல் பெர்க்கின்ஸும் வந்து சேர்ந்தனர். நால்வரில் ஒருவரேனும் மெம்பிஸில் பிறந்தவர் அல்லர்.

அப்படியானால் நகரம் ஒன்றுமே செய்யவில்லையா என்ற கேள்வி நியாயமாக எழும். நகரத்திலேயே பிறந்தவர்களும் உண்டு. ஸ்டாக்ஸ் இசைத்தட்டு ஸ்தாபனத்தின் வாத்தியக் குழுவை நடத்திய புக்கர் டி. ஜோன்ஸ் அவர்களுள் ஒருவர். ஜிம் ஸ்டூவர்ட், எஸ்டல் ஆக்ஸ்டன் என்ற உடன்பிறப்புகள் 1960-ல் மெக்லமோர் அவென்யூவிலிருந்த பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து நடத்திய அந்த ஸ்தாபனத்தில், வெளியே ஒரே ஹோட்டலில் சேர்ந்து உண்ண இயலாத இரு நிறத்தாரும் ஒரே அறையில் நாள்தோறும் வாசித்தார்கள். அந்தக் கொட்டகையின் முகப்பில் ஆக்ஸ்டன் அம்மாள் ஓர் இசைத்தட்டுக் கடையும் நடத்தினார். பதிவான பாட்டை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் ஆடுகிறார்களா, வாங்குகிறார்களா என்று பார்த்தே எதை வெளியிடுவது என்று முடிவு செய்வார்கள். ஆகவே நகரம் செய்த காரியம் இரண்டு: தனித்தனியே விளைந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது, எது சந்தைக்கு ஏற்றது என்று காது கொடுத்துக் கேட்டுச் சொன்னது. கிளார்க்ஸ்டேலிலேயே இருந்திருந்தால் ப்ளூஸ் பாட்டு மலைநாட்டுப் பாட்டைச் சந்தித்திராது. இந்தச் சாதனை சிறியதன்று. ஆனால் இதை உற்பத்தி என்று சொல்லிக்கொள்ள நகரத்துக்கு உரிமையில்லை.

பக்தியிலும் இதே கதை. சார்லஸ் ஹாரிஸன் மேஸன் என்ற பிரசங்கியார் மெம்பிஸை அடுத்த கிராமப்புறத்தில் பிறந்து, ஆர்கன்சாவில் வளர்ந்து, 1897-ல் மிசிசிப்பியின் லெக்ஸிங்டனில் ஒரு பழைய பருத்தி அரைவைக் கொட்டகையில் கூட்டம் நடத்தித் தொடங்கிய சபை, பின்னர் மெம்பிஸைத் தலைமையிடமாகக் கொண்டு நாட்டின் மிகப்பெரிய கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபையாக வளர்ந்தது. அதன் வருடாந்தர மகாசபை முற்காலத்தில் நவம்பர் 25 முதல் டிசம்பர் 14 வரையில் கூடிற்று. காரணம் எளிது: அறுவடை முடிந்து, கையில் சிறிது தானியமும் காசும் இருக்கும் காலம் அதுவே. கைதட்டலும் தம்பூரின் முழக்கமும் ஆவேசமும் நிறைந்த அவர்களுடைய வழிபாட்டு முறை, மெம்பிஸ் பாடகர்களின் குரலில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை அந்நகரத்துத் தட்டுகளில் எதைக் கேட்டாலும் உணரலாம்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பன்றி விலாவை மசாலாப் பொடி தூவிக் கரிநெருப்பில் வாட்டும் மெம்பிஸ் முறைக்குப் பேர்பெற்ற ரெண்டவூ உணவுவிடுதியைத் தொடங்கியவர் கிரேக்க வம்சத்தவர். ஆனால் பன்றியும் புகையும் கிராமத்துச் சொத்து. மக்காச்சோள மாவுக்குள் காரமான இறைச்சியை வைத்துச் சோளத் தோகையில் சுற்றி வேகவைக்கும் தமாலி என்ற மெக்ஸிகோப் பலகாரம், பருத்தி பறிக்க வந்த மெக்ஸிகோக் கூலியாட்களிடமிருந்து டெல்டாக் கறுப்பின மக்கள் கற்றதாகச் சொல்லப்படுகிறது. அது தெருவண்டி ஏறி மெம்பிஸுக்கும் வந்தது. டெல்டாவே பீபாடி ஹோட்டலின் முன்கூடத்தில்தான் தொடங்குகிறது என்று மிசிசிப்பி எழுத்தாளர் டேவிட் கோன் 1935-ல் வேடிக்கையாக எல்லை வகுத்தார். அந்த முன்கூடத்து நீரூற்றில் இன்றைக்கும் நீந்திக்கொண்டிருக்கும் பிரசித்தமான வாத்துகளின் பரம்பரைகூட, ஹோட்டல் நிர்வாகி ஆர்கன்சாவுக்கு வேட்டைக்குப் போய் வந்த ஒரு தமாஷிலிருந்து ஆரம்பமானதுதான்.

கிராமம் இவ்வளவும் கொடுத்ததற்கு நகரம் என்ன திருப்பிக் கொடுத்தது? 1944-ல் கிளார்க்ஸ்டேலை அடுத்த ஹாப்ஸன் பண்ணையில், விதைப்பிலிருந்து பொதி கட்டும் வரையில் முற்றும் இயந்திரத்தாலேயே ஒரு பருத்திப் போகம் எடுக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், பருத்தி பறிக்கும் இயந்திரங்களைத் தயாரிக்கும் பெரிய தொழிற்சாலையை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி நிறுவிய இடம் மெம்பிஸ். டெல்டாவின் லக்ஷக்கணக்கான வாரக்குடிகளை வேண்டாதவர்களாக்கிய இயந்திரம் மெம்பிஸில் செய்யப்பட்டது; வேண்டாதவர்களானவர்களில் பலர் மெம்பிஸுக்கே வேலை தேடி வந்தார்கள். இந்தச் சுழற்சியின் கடைசி வளையம் 1968-ஆம் வருஷத்துத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம். பிப்ரவரி முதல் தேதி மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய எக்கால் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இருவர் அதன் இயந்திரத்தில் நசுங்கி இறந்ததை அடுத்து, சுமார் 1,300 தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் பலர் மிசிசிப்பி வயல்களிலிருந்தும், வோட்டுக்குப் பதிவு செய்துகொண்ட குற்றத்துக்காகக் கறுப்பினக் குடிகள் பண்ணைகளிலிருந்து வெளியேற்றப்பட்டுக் கூடாரங்களில் வசிக்க நேர்ந்த பக்கத்து ஃபயெட் மாவட்டத்திலிருந்தும் வந்தவர்கள். நகரம் அவர்களைப் பண்ணைக் கூலிகளாகவே நடத்திற்று. தாங்களும் மனிதர்களே என்று பலகையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் ஊர்வலம் போனார்கள். அவர்களுக்கு ஆதரவாக ஏப்ரல் 3-ஆம் தேதி இரவு மார்ட்டின் லூதர் கிங் தம் கடைசிப் பிரசங்கத்தைச் செய்த மண்டபம், பருத்திக் கொட்டகையில் பிறந்த அந்தச் சபை மேஸனின் பெயரால் கட்டிய கோயில். மறுநாள் மாலை அவர் லொரேன் விடுதியின் மாடி முகப்பில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்குப் பின் ஜனப்பிரவாகம் திசை மாறிற்று. 1973-ல் பள்ளிக்கூடங்களில் இரு நிறத்துப் பிள்ளைகளையும் கலந்து சேர்க்க நீதிமன்றம் பஸ் போக்குவரத்துக்கு உத்தரவிட்டதும், வெள்ளைக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் புறநகர்களுக்குப் புறப்பட்டன. அவற்றுள் பல, தங்கள் பாட்டன்மார் விட்டுவந்த மிசிசிப்பி எல்லைக்குள்ளேயே போய்க் குடியேறின. 1970-ல் 40,000 பேருக்குக் குறைவாக இருந்த எல்லைப்புற டிஸோட்டோ மாவட்டத்தில் 2020-ல் 1,85,314 பேர். மெம்பிஸின் தொகையோ 6,33,104. அதற்கு முந்திய பத்தாண்டைவிடக் குறைவு. வியாபாரத்தில் மட்டும் பழைய வழி தொடர்கிறது: நகரத்தின் மிகப் பெரிய வேலைவாய்ப்பு ஸ்தாபனமான ஃபெடெக்ஸை நிறுவிய ஃபிரெட் ஸ்மித் டெல்டாவின் மார்க்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர், தம் கம்பெனியை 1973-ல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கிலிருந்து மெம்பிஸுக்குக் கொண்டுவந்தார்.

கொடுக்கல் வாங்கல் கணக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிற்று. 1887-ல் மெம்பிஸின் அடியில் கண்டுபிடிக்கப்பட்ட சுத்தமான ஆழ்நிலத்து நீரே காய்ச்சலால் நொந்த நகரத்துக்கு உயிர் கொடுத்தது. அந்த நீர்த்தாரை மாநில எல்லைகளை மதியாமல் மிசிசிப்பி, ஆர்கன்சா ஆகியவற்றின் கீழும் பரவிக் கிடக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 12 கோடி காலன் நீரை இறைத்து மெம்பிஸ் தங்கள் நிலத்தடி நீரையும் இழுத்துக்கொள்கிறது என்று மிசிசிப்பி மாநிலம் வழக்குத் தொடுத்து, 61 கோடியே 50 லக்ஷம் டாலர் நஷ்டஈடு கேட்டது. 2021 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏகமனதாக வழக்கைத் தள்ளுபடி செய்தது: மாநிலங்களுக்குப் பொதுவான நீரில் எவரும் தனியுடைமை கோர முடியாது, வேண்டுமானால் நியாயமான பங்கீடு கேட்கலாம் என்பது தீர்ப்பு. சட்டம் அறிந்தவர்கள் இதைச் சரியென்றே சொல்லுகிறார்கள். ஆனால் பருத்தியிலும் பாட்டிலும் அந்த நியாயமான பங்கீடு டெல்டாவுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. கிளார்க்ஸ்டேலைச் சுற்றிய மாவட்டங்கள் இன்றும் நாட்டின் மிக வறிய பிரதேசங்களுள் அடங்கியிருக்கின்றன.

மெம்பிஸுக்குப் போக நேரும் தமிழ் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பீல் வீதியையும், ஸாம் ஃபிலிப்ஸின் அறையையும், எல்விஸின் மாளிகையையும் பார்த்த கையோடு விமானம் ஏறிவிட வேண்டாம். 61-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 75 மைல் போனால் கிளார்க்ஸ்டேலில் 1979-ல் ஏற்பட்ட டெல்டா ப்ளூஸ் காட்சிச்சாலை இருக்கிறது. ஹாலி ஸ்பிரிங்ஸில் ஐடா வெல்ஸ் அம்மையாரின் நினைவில்லமும், நதிக்கு மேற்கே டைஸ் கிராமத்தில் ஆர்கன்சா மாநிலப் பல்கலைக்கழகம் காத்துவரும் ஜானி காஷின் பிள்ளைப்பிராயத்து வீடும் இருக்கின்றன. மேலும் இரண்டு நாள் தங்கி அவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்.